தேரிம்தொங் மக்களும் உங்கள் ரசிகர்களே: கொரியத் திரைத்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய கொரியத் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

உங்கள் படங்களை விரும்பிப் பார்க்கும் தமிழ் ரசிகர்களில் ஒருவன் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன். பிழைப்புத் தேடி உங்கள் நாட்டுக்கு வந்தவர்களை உங்கள் வெகுசனப் படங்கள் பெரும்பாலும் குற்றவாளிகளாகவோ, யாரேனும் வந்து காப்பாற்ற வேண்டிய அப்பாவிகளாகவோதான் காட்டிவருகின்றன என்பதே என் முறையீடு.

2017-இல் வெளியான ‘மிட்நைட் ரன்னர்ஸ்’ படத்தில், கடத்தப்பட்ட பெண்ணைத் தேடிச் செல்லும் காவல் பயிற்சி மாணவர்கள் இருவரிடம் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர், தேரிம்தொங்கில் சீனாவிலிருந்து வந்த கொரிய வம்சாவளியினர்தான் வசிக்கிறார்கள், இரவில் கத்திக்குத்து நடக்கும், போலீஸ்கூட உள்ளே வரத் தயங்கும் என்று எச்சரிக்கிறார். பெண்களைக் கடத்திக் கருமுட்டை எடுத்து விற்கும் கும்பல் அங்கேயே இருப்பதாகக் காட்டி, கதையும் அவர் சொன்னதை மெய்ப்பிக்கிறது. தேரிம்தொங் கற்பனை ஊரன்று. சியோலில் அந்த மக்கள் கடை நடத்திப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பகுதி அது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி, வழக்குத் தொடுத்து, முதலில் தோற்று, மேல்முறையீட்டில் நீதிமன்றம் பரிந்துரைத்த சமரசத்தின் வழியாக 2020-இல்தான் தயாரிப்பு நிறுவனத்தின் மன்னிப்பைப் பெற்றார்கள். அதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் படத்தைத் திரையரங்குகளில் பார்த்து முடித்திருந்தார்கள்.

அதே ஆண்டு வந்த ‘தி அவுட்லாஸ்’ படத்தில் காவலருக்குத் துணைநிற்கும் அதே சமூகத்து வணிகர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்த்தவர் மனத்தில் தங்கியவன் சீனாவிலிருந்து வந்து கோடரி ஏந்தும் கும்பல் தலைவன் ஜாங் சென்தான். 2024 ஜூனில் ஹ்வாசொங் நகரின் லித்தியம் பேட்டரி ஆலையில் தீப்பிடித்து 23 பேர் இறந்தபோது, அவர்களில் 18 பேர் வெளிநாட்டவர். அவர்களிலும் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் அன்றாடம் உங்கள் பெரிய படங்களில் எங்கே இருக்கிறது?

இடம்பெயர்ந்தவரின் கதையை உங்களுக்குச் சொல்லத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. ‘ஓட் டு மை ஃபாதர்’ (2014) படத்தில் ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கும் கொரிய நாயகன் தொக்சுவுக்குக் குடும்பக் கடமையும் காதலும் பயமும் கோபமும் இருந்தன. அவன் கதையை ஒரு கோடிக்கும் அதிகமானோர் திரையரங்கில் பார்த்தார்கள். கொரியர் வெளிநாடு சென்றால் கிடைக்கும் அந்த முழுமை, கொரியாவுக்கு வந்தவருக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது? ‘பஞ்ச்’ (2011) படத்தில் நாயகன் வாந்துக்கின் பிலிப்பைன்ஸ் தாயாக நடித்த ஜாஸ்மின் லீ, அடுத்த ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆயினும் அவரைப் போன்ற ஒரு பெண்ணை முதன்மைப் பாத்திரமாக்கிய வெற்றிப்படம் எதையும் அதன்பின் நான் பார்க்கவில்லை.

2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின்கீழ் இலங்கை உள்ளிட்ட பல நாடுகளிலிருந்து வருவோர், முதலாளியின் சம்மதமின்றி வேலையிடம் மாறுவது மிகக் கடினம். சம்பள பாக்கிக்காக அப்படிப்பட்ட முதலாளியோடு வாதாடும் ஒரு தொழிலாளியை நாயகனாக்குங்கள். அவரும் தவறு செய்யட்டும், பொய் சொல்லட்டும், காதலிக்கட்டும். அந்த வேடத்தை அங்கே வாழும் புலம்பெயர்ந்த நடிகருக்கே கொடுங்கள். உண்மையான ஊர்ப்பெயரைக் கதையில் வைக்கும் முன், எழுதிய பக்கங்களை அவ்வூர் மக்களிடம் காட்டி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

அன்புடன்,
தமிழ் ரசிகன் ஒருவன்