பொருள்: வெட்டி ஒட்டப்பட்ட எனது கலம்காரி ஓவியம்

முகாமையாளர் அவர்களுக்கு,

வெள்ளவத்தைக் கிளையில் ஒரு பதில், இரத்மலானைப் பட்டறையில் இன்னொரு பதில், தொலைபேசியில் பாட்டு மட்டும். அலைந்து களைத்துப்போய்த்தான் தலைமை அலுவலகத்துக்கே எழுதுகிறேன். ஓவியத்துக்குப் படச்சட்டம் போடக் கொடுத்தபோது தந்த பற்றுச்சீட்டின் பிரதி இணைத்திருக்கிறேன். அதில் உங்கள் ஊழியர் என் முன்னால் எழுதிய வரியைத் தயவுசெய்து முதலில் வாசியுங்கள்: "ஒட்ட வேண்டாம், வெட்ட வேண்டாம், தைத்து மாட்டவும்."

ஒட்டியிருக்கிறார்கள். வெட்டியும் இருக்கிறார்கள்.

திருக்காளத்திக் கோயிலுக்குப் போன இடத்தில், வரைந்தவரின் வீட்டிலேயே இருந்து பார்த்து வாங்கிய கண்ணப்பர் ஓவியம் அது. கடுக்காயிலும் பாலிலும் தோய்த்த பருத்தித் துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த கறுப்பு மையால், மூங்கில் பேனா பிடித்துக் கையால் வரைந்தது. அப்படிப்பட்ட துணியை எம்டிஎஃப் என்னும் மரநார்ப் பலகையில் சூடு வைத்து ஒட்டக்கூடாதென்று, படச்சட்டம் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு நானா சொல்லித் தரவேண்டும்? கண்ணாடியும் துணியோடு அப்பிக்கொண்டு நிற்கிறது. எங்களுடையது கடற்கரைப் பக்க வீடு. மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். உங்கள் 'மியூசியம்' பக்கேஜுக்கு அதற்காகத்தானே கூடுதலாகக் கட்டினேன்?

அதையாவது பொறுக்கலாம். இலிங்கத்தின் மற்றக் கண்ணிலும் இரத்தம் வர, அடையாளத்துக்குக் காலை ஊன்றிக்கொண்டு தன் கண்ணைத் தோண்டப் போகிறார் கண்ணப்பர். சுவாமியின் கை வந்து தடுக்கிறது. இதையெல்லாம் அந்த இலிங்கத்துக்குப் பூசை செய்யும் சிவகோசரியார் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பார்ப்பார். அந்த அன்பை அவருக்குக் காட்டத்தானே சுவாமி அத்தனையும் நடத்தினார்! உங்கள் ரெடிமேட் சட்டத்தின் அளவுக்காக அந்த மனிதரையே வெட்டிவிட்டார்கள். மரக்கிளை மட்டும் மிச்சம்.

கேட்டதற்கு, கவுண்டரில் இருந்த தம்பி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஓரத்தில நிண்ட ஆள்தானே அன்ரி, மெயின் ஆள் இருக்கிறார்தானே" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். என் வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?

பட்டறைக்கு வரச் சொன்னதும் அதே தம்பிதான். வேகாத வெயிலில் த்ரீவீலுக்குக் காசைக் கொட்டிப் போய் இறங்கினால் கேற் பூட்டு. அன்றைக்குப் போயா விடுமுறை! கலண்டரைக்கூடப் பார்க்காமலா திகதி கொடுப்பீர்கள்? வேறொரு நாள் போனபோது காவலாளி, வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது, கிளைக்குப் போங்கள் என்றார். கிளையில் மறுபடி அந்தத் தம்பி.

எங்கள் வீட்டுச் சுவரில் சும்மா அழகுக்கென்று வாங்கிய படம் ஒன்றும் கிடையாது. அம்பலாங்கொடை முகமூடியிலிருந்து எல்லாமே போன இடங்களில் செய்தவர் கையாலேயே வாங்கியவை. அவற்றுக்கு நடுவில் இதற்கென்று விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கிறது. எனக்கு இனி வீட்டை அலங்கரிக்கும் ஆசையே விட்டுப்போயிற்று. இந்த நட்டத்தை எந்தக் காசாலும் ஈடுசெய்ய முடியாது.

சரி, கோபத்தை விடுகிறேன். கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். பழைய துணிகளைப் பேணத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, உங்கள் செலவில், ஓவியத்தைப் பலகையிலிருந்து எடுத்துத் தரவேண்டும். அந்தத் தம்பி மன்னிப்புக் கேட்கவேண்டும். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1977 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன். அந்த நிலைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன்.

வெட்டிய துண்டு பட்டறையில் எங்காவது கிடந்தால், குப்பையில் போடவேண்டாமென்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்
(பெயரும் தொலைபேசி இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ளன)