பாலைநிலப் பெண்களின் ஓவியங்களுக்குச் சட்டக் காப்பு வேண்டி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆஸ்திரேலியக் கலைத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஒரு நினைவுப்பொருள் கடையில், புள்ளி ஓவியம் தீட்டிய மரக்கிண்ணத்தை எடுத்து, வரைந்தவர் யார், எந்த ஊரினர் என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை, பொருளிலும் பெயர் இல்லை. பழங்குடிப் பாணி நினைவுப்பொருள்களில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்குவரை போலி என்று தங்கள் அரசின் உற்பத்தித்திறன் ஆணையமே 2022இல் சொல்லிவிட்டதால், நிலைமையைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போலியைப் போலி என்று பொருளின் மேலேயே எழுதச் செய்யும் சட்டத்தைக் கொண்டுவாருங்கள் என்பதே என் கோரிக்கை.

நடு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் யுடோப்பியாப் பகுதியில் வாழும் அன்மாட்யர் பழங்குடிப் பெண்கள், ‘அவெல்யே’ என்னும் பெண்கள் சடங்கில் மார்பிலும் தோளிலும் தீட்டிக்கொள்ளும் கோடுகளே அக்குலத்து ஓவியர் எமிலி காமே உங்வாரேயின் ஓவியங்களில் விரிந்தன. கிழங்கு முற்றும்போது மண் எப்படி வெடிக்கும் என்ற அறிவும் அவற்றில் இருக்கிறது. எந்தக் கதையை யார் வரையலாம் என்பதைப் பிறப்பும் உறவும் வரையறுக்கின்றன. தலை நரைத்த பாட்டியும் தமக்கு உரிமையில்லாத கதையைத் தொடமாட்டார். அந்தக் கட்டுப்பாடு எதுவும் அயல்நாட்டுத் தொழிற்சாலைக்கு இல்லை. தனியொருவரின் படத்தை நகலெடுத்தால் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கும். ஒரு குலமே தலைமுறைகளாகக் காத்துவரும் கதை அச்சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை.

1997இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைநிலத்துப் பழங்குடி மக்கள், ஆண்களும் பெண்களுமாக, எட்டுக்குப் பத்து மீட்டர் அளவில் வரைந்த ‘ங்குராரா’ ஓவியத்தைப் பூர்விக நில உரிமைத் தீர்ப்பாயத்தின்முன் விரித்து, தத்தம் நீர்நிலையின்மேல் நின்று சாட்சி சொன்னார்கள். நிலத்துக்கே சான்றாக நிற்கும் கலையைப் போலி செய்வது பட்டாவைப் போலி செய்வதற்கு நிகரல்லவா?

இந்தோனேசியாவில் செய்தவற்றைப் பழங்குடியினர் கைவேலை என்று விற்ற நிறுவனத்துக்கு 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் அந்நிறுவனம் மூடிக் கலைக்கப்படும் நடவடிக்கைக்குப் போயிருந்தது. அத்தண்டனையும் வாங்குவோரை ஏமாற்றியதற்கே தவிர, கதையைத் திருடியதற்கு அல்ல. இதை நினைக்கையில் சினம் அடங்க மறுக்கிறது.

பழங்குடியினரின் பண்பாட்டு, அறிவுசார் உரிமைகளுக்குத் தனிச்சட்டம் இயற்றுவதாக 2023 ஜனவரிக் கலாசாரக் கொள்கையில் அரசு உறுதியளித்தது. அவ்வுறுதியை முழுமையாக நிறைவேற்றுமாறும், போலிகளுக்குக் கட்டாய அடையாளச் சீட்டை நடைமுறைப்படுத்துமாறும், அச்சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் பாலைநிலப் பெண்களின் ஊர்களுக்கே சென்று, அவர்கள் மொழியில் பேசிக் கேட்டபின் எழுதுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மெல்பர்ன்வாழ் தமிழர் ஒருவர்