ஏலத் தொகை எங்கே கசிகிறது? கடலோர விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியோர்களுக்கு வணக்கம்.

தொண்டி முதல் மூக்கையூர் வரையிலும், பாலம் தாண்டிப் பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரத்திலும் கோயில் விழா, பங்குத் திருவிழா, கந்தூரி, பள்ளி ஆண்டு விழா நடத்தும் எல்லாக் குழுக்களுக்கும், மேடையில் படம் எழுதிப் பிழைக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

மருத்துவச் செலவுக்கு, கடலில் காணாமல் போனவர் குடும்பத்துக்கு, பள்ளிக்கூடக் கூரைக்கு என்று நிதி திரட்டும் மேடைகளுக்கு எங்களை அழைக்கிறீர்கள். ஆறு நிமிடத்தில் ஆளுயரப் படம். பாட்டு முடியும்போது படமும் முடியும். அங்கேயே ஏலம். நல்ல முறைதான். ஆனால் பேச்சு எடுத்ததும் வருவது ஒரே வார்த்தை: "நல்ல காரியம்தானே, இதுக்குப் போய்க் கூலியா?" பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் நாள் குறிக்கிறீர்கள். ஓவியர் மட்டும் சும்மா வந்தால் நிதி கூடும் என்று நினைக்கிறீர்கள். நிதி குறைவது ஓவியரின் கூலியால் இல்லை. காற்றிலும் விளக்கிலும் ஏலம் விடும் விதத்திலும் கணக்கிலும் அது கசிகிறது. எங்கெங்கே என்று காட்டத்தான் இந்த மடல்.

முதலில் கூலியைப் பேசி முடித்துவிடுவோம். கூட்டத்தின் முன்னால் வரைவது புதிதல்ல. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் மத்தியூ 1956இல் பாரிஸ் நாடக அரங்கு ஒன்றில் 12 மீட்டர் நீளத் துணியில் பார்வையாளர் முன்னால் வரைந்தார். அமெரிக்காவில் டென்னி டென்ட் இரண்டு கையிலும் கொத்தாகத் தூரிகை பிடித்து, பாட்டின் வேகத்துக்குப் பாடகர்களின் முகங்களை எழுதிக் காட்டினார். டேவிட் கரிபால்டி அதை அறநிதி மேடைகளுக்குக் கொண்டுபோனார். பக்கத்துக் கர்நாடகத்தில் விலாஸ் நாயக் இருக்கிறார். இவர்கள் இதையே வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள். அந்த ஆறு நிமிடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறோம்.

இந்தக் கரையில் அதிகம் கேட்கப்படுவது கலாம் ஐயா படம். கறுப்புப் பலகையில் வெள்ளையால் எழுதுவது. முதல் நான்கு நிமிடம் நெற்றிக்கு மேல் எதுவும் வைப்பதில்லை. மூக்கின் வெளிச்ச விளிம்பு, கன்ன மேடு, புருவத்தின் அடி என்று துண்டு துண்டாக வைப்போம். கூட்டம் "யாரு, யாரு" என்று முணுமுணுக்கும். ஐந்தாவது நிமிடத்தில் மூன்று அங்குல பிரஷை வெள்ளையில் தொட்டு, துணியில் பாதியை ஒற்றி எடுத்து, நடு வகிட்டிலிருந்து காதை மூடிக் கீழே வளைத்து இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிரஷில் பெயிண்ட் கூடினால் முடி பஞ்சு போல் அப்பிக்கொள்ளும். குறைந்தால் கோடு நடுவில் அறுந்துபோகும். மேடையில் திருத்த நேரம் கிடையாது. இந்த இரண்டு இழுப்புக்காக முழு அளவில் பதினைந்து, இருபது ஒத்திகை பார்க்கிறோம். ஒவ்வொரு ஒத்திகைக்கும் வெள்ளை 200 மில்லி, அதை அழித்துத் திரும்பக் கறுப்படிக்க இன்னொரு 200 மில்லி. இருபது முறைக்கு எட்டு லிட்டர் பெயிண்ட், மூன்று வார மாலைப்பொழுது. கூலி என்று நாங்கள் கேட்பது இதற்குத்தான்.

ஏலத்தில் சதவீதம் தருகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஏலம் கேட்பவருக்குத் தன் பணத்தில் எவ்வளவு எங்கே போகிறது என்ற சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த கை உயராது. கூலியைத் தொகையாகப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். அதை ஒரு ஐஸ் கம்பெனிக்காரரோ, ஜவுளிக்கடைக்காரரோ தனியாக ஏற்றுக்கொண்டால் "ஏலத்தொகை முழுவதும் சிகிச்சைக்கே" என்று மைக்கில் மனசாட்சியோடு சொல்லலாம். ஓவியர் தன் பங்கு கொடுக்க விரும்பினால், கூலியை வாங்கிய பிறகு அவரே கொடுப்பார். அவருக்கும் ரசீது போடுங்கள்.

இனி காற்று. இந்தக் கரையில் மேடை ஓவியத்தின் முதல் எதிரி அதுதான். ஆறடிக்கு நாலடி கேன்வாஸ் என்பது 24 சதுர அடிப் பாய். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் அதன் மேல் விழும் தள்ளு ஏறத்தாழ 20 கிலோ. பாய் கட்டிய படகு பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மேடை போடும்போது பந்தல்காரர் மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அது வகுப்பறைக்கு உள்ள சாமான். நாலு கால் இரும்புச் சட்டம் வேண்டும், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் நாலடி இடைவெளி வேண்டும். சிமெண்ட் சாக்கில் பாதி மணல் நிரப்பினால் 25 கிலோ வரும். காலுக்கு ஒன்றாக நாலு சாக்கு. சட்டத்தின் தலையிலிருந்து மேடைத் தூணுக்கு இரண்டு கயிறு. கேன்வாஸின் முதுகில் குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் துணி மேளம் போல் அதிரும், பிரஷ் தொடும் இடமெல்லாம் கோடு நெளியும். பின்னால் மெல்லிய பிளைவுட் வைத்து ஆணியடித்தால் அதிர்வு நிற்கும், ஆனால் எட்டு கிலோ எடை கூடும். அதைத் தூக்கித் திருப்ப இரண்டு ஆள் நிறுத்துங்கள்.

மேடையின் முகம் எந்தத் திசை என்பதும் முக்கியம். ஆடி ஆவணியில் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும். மார்கழி தையில் பெண்கடல் என்கிற பாக் விரிகுடாப் பக்கம் வாடை. காற்று வரும் பக்கத்துக்கு மேடையின் முதுகைக் காட்டி, பின்னால் தென்னங்கீற்றுத் தட்டி அடைத்தால் பாதிச் சிக்கல் தீரும். தார்ப்பாய் கட்டினால் அதுவும் ஒரு பாயாகி மேடையையே இழுக்கும். கீற்றுதான் காற்றைச் சல்லடையாக்கி விடும். கடற்கரை மேடைதான் வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். ஆடி மாதம் என்றால் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டிய படத்தை யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள்.

விளக்கில் விடும் தவறு சின்னது, இழப்பு பெரியது. நிறம் மாறும் டிஸ்கோ விளக்கை மேடையில் போட்டால், சிவப்பு வெளிச்சம் வரும்போது வெள்ளைத் துணியில் எழுதிய சிவப்புக் கோடு கண்ணுக்கே தெரியாது. படம் பாதியில் காணாமல் போனது போல் இருக்கும். நேர் எதிரே ஃபோகஸ் அடித்தால் ஈரப் பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னி, பின்வரிசைக்கு ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும். 100 வாட் வெள்ளை எல்இடி ஃபிளட் இரண்டு போதும், இடமும் வலமும் சாய்வாக. பலகைக்கு அடிக்கும் கறுப்பு பளபளப்பில்லாத மேட் ஆக இருக்க வேண்டும். மழை விட்ட இரவில் விளக்கைத் தேடி வரும் பூச்சி ஈரத்தில் ஒட்டும். அதற்கு ஒரு வழி: படத்தை விட்டுத் தள்ளி, மேடையின் இரு ஓரத்திலும் கூடுதலாக ஒரு பல்ப் எரியவிடுங்கள்.

என்ன படம் என்று முடிவு செய்யும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். முகத்தைத் தலைகீழாக எழுதிக் கடைசியில் திருப்பிக் காட்டுவது கைதட்டலுக்கு உகந்த வித்தை. தெய்வத்தையோ புனிதரையோ அப்படி எழுதினால் ஐந்து நிமிடம் தலைகீழாக நிறுத்துவதாகிவிடும், மனம் புண்படும். அங்கே நேராகவே எழுத வேண்டும். தர்கா விழா, ஜமாஅத் மேடை என்றால் உருவப்படம் வேண்டாம். அரபு எழுத்தணியோ, பழைய மரக்கலமோ, கலங்கரை விளக்கமோ போடலாம். பாம்பன் பாலம் கேட்டால் எந்தப் பாலம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 1914இல் திறந்த பழைய பாலம் கப்பலுக்கு இரண்டு கையையும் தூக்கி வழிவிட்டது. 2025இல் திறந்த புதியதில் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே ஏறும். ஒன்றுக்கு மற்றதை எழுதினால் பாம்பன்காரர்கள் முதல் கோட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையின் முகத்தை மேடையில் எழுதச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை பள்ளிக்கூடம் போக வேண்டும், ஊர் அதை அந்தப் படத்தை வைத்தே அடையாளம் சொல்லும். ஏலத்திலும் அது போகாது. நோயுற்ற பிள்ளையின் முகத்தை எடுத்துப்போய் எந்த வீட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள்? குழந்தையின் பெயரைக்கூடச் சொல்லாமல், என்ன சிகிச்சை, எவ்வளவு தேவை என்று சொன்னாலே கொடுப்பவர் கொடுப்பார்.

ஏலத்துக்கு வருவோம். இந்தக் கரைக்கு ஏலம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, விடிவதற்குள் கூடைக்கூடையாக ஏலம் விடும் ஊர்கள் இவை. அப்படியிருந்தும் படத்தை ஏலம் விட, நிகழ்ச்சித் தொகுப்பாளரை நிறுத்துகிறீர்கள். அவர் ஒவ்வொரு தொகைக்கும் நடுவில் இரண்டு நிமிடம் பேசுகிறார், சூடு ஆறிவிடுகிறது. மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுபவரையே மேடைக்கு அழையுங்கள். யார் கண் அசைகிறது, யார் இன்னும் ஒரு படி ஏறுவார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆரம்ப விலையை முன்கூட்டியே குழு கூடி முடிவு செய்து, ஐநூறு ஐநூறாக ஏற்றி, 10,000 தாண்டினால் ஆயிரமாக ஏற்றுங்கள். படம் முடிந்த மூன்று நிமிடத்துக்குள் ஏலம் தொடங்கிவிட வேண்டும். நடுவில் சால்வை போர்த்துவதை வைத்தால் கூட்டம் கலையும்.

ஏலக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு: இன்று எடுத்து வாரக் கடைசியில் கணக்குத் தீர்ப்பது. அதை இங்கே கொண்டுவரக் கூடாது. பெருமைக்காகக் கூவிவிட்டு அப்புறம் பணம் தராமல் போவதில்தான் நிதி அதிகம் கசிகிறது. ஏலம் முடிந்த கையோடு ஒரு ஆள் நோட்டோடு கீழே இறங்க வேண்டும், மொய் நோட்டு எழுதுவது போலவே: பெயர், ஊர், தொகை, கையெழுத்து. ஒரு மணி நேரத்துக்குள் பணம் வர வேண்டும். இரண்டாவதாகக் கேட்டவர் பெயரையும் எழுதி வையுங்கள், முதலாமவர் பின்வாங்கினால் அவருக்குப் போகட்டும். கியூஆர் அட்டை அறக்கட்டளைக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும், பொருளாளரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்த வேண்டும் என்பது சட்டம். எட்டரைக்குப் படம் முடிந்தால்தான் எல்லாம் அடங்கும். படகுகள் கடலுக்குப் போகும் நாளையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்தையும் தவிர்த்து நாள் குறியுங்கள். தடைக்காலத்தில் ஊரே வீட்டில் இருக்கும், கையில் மட்டும் காசு இருக்காது.

கணக்கில் மூன்று எச்சரிக்கை. 80ஜி என்று பழகிப்போன, நன்கொடைக்கான வருமான வரிச் சலுகைக்கு ரொக்க நன்கொடை 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. ஏலத்தில் படத்தை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்தத் தொகை முழுவதும் நன்கொடைதானா என்பதே கேள்வி, கணக்கரைக் கேட்காமல் மேடையில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்து பணம் வரும். இந்தியக் குடியுரிமையுள்ள நம் பிள்ளை தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேற்று நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் அனுப்பினால் ஆகும், அதற்குரிய பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது.

படத்தை அச்சடித்து விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் கூலி பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எழுதச் சொன்ன படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதச் சொன்னவருக்கே போகும். கூலியில்லாமல் எழுதிய படத்தின் உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஒரு பக்கத் தாளில் இரண்டு கையெழுத்து இருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது. ஏ3 அளவில் நூறு பிரதி போட்டு விற்றால், ஏலம் கேட்க வசதியில்லாத வீடும் நிதியில் சேரும்.

வாங்கியவரிடம் அன்றிரவே படத்தைக் கொடுத்தனுப்பாதீர்கள். உப்பு ஈரக் காற்றில் மேல்தோல் காய்ந்தாலும் தடித்த இடம் உள்ளே பச்சையாகவே இருக்கும், பிளாஸ்டிக் சுற்றினால் அதோடு உரிந்து வரும். ரசீதைக் கொடுத்து, நான்கு நாள் நிழலில் காயவைத்து, மேலே படிந்த உப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, வார்னிஷ் அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. சட்டத்தில் இரும்பு ஆணி இருந்தால் ஒரே மழைக்காலத்தில் துரு துணி வழியே கசிந்து முகத்தில் இறங்கும். துருப்பிடிக்காத எஃகு பின்னுக்கு ஆகும் செலவை நறுக்காதீர்கள்.

பசையால் எழுதி ஜிகினா வீசும் வித்தையைக் கடற்கரையில் கேட்க வேண்டாம். அந்தப் பொடி பிளாஸ்டிக். முன்வரிசைக் குழந்தைகளின் கண்ணுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும்தான் போகும். 1986இல் 21 தீவுகளோடு தேசியப் பூங்காவான கடல் அது. பிரஷ் அலசிய தண்ணீரையும் மணலில் கொட்ட மாட்டோம். ஒரு மூலையில் இரண்டு பெரிய வாளி வைத்துக் கொடுங்கள், தெளிந்ததும் அடியில் நிற்கும் வண்டலை வழித்து எடுத்துக்கொண்டு போகிறோம்.

அடுத்த விழாவுக்கு எங்களில் யாரைக் கூப்பிட்டாலும், மேடை இடத்தைப் பகலில் எடுத்த ஒரு படம், கடல் எந்தப் பக்கம் என்ற குறிப்பு, பணம் சேரும் கணக்கின் பெயர் மூன்றையும் முதலில் அனுப்பிவிடுங்கள். கூலியை அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோர மேடை ஓவியர்கள்