கிழக்கு ஒழுங்கையும் தேரோடும் வெளிவீதியும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அடியார்களே, பொதுச்சபை அங்கத்தவர்களே,

எங்கள் ஆலயத்தின் கிழக்கு ஒழுங்கை 420 மீற்றரும், வெளிவீதியில் தேர்ச்சில்லு ஓடும் தடம் 260 மீற்றரும் திருத்தி முடிந்து, ஒப்பந்தகாரரின் இறுதிக் கட்டணப் பட்டியலும் தீர்க்கப்பட்டுவிட்டது. கணக்காய்வு செய்த வரவு செலவுக் கணக்கு இத்துடன் தனியாக இணைக்கப்பட்டுள்ளது. "சுவாமி வரும் வீதியிலே இடிஞ்ச வீட்டுக் குப்பையைக் கொட்டிப்போட்டார்கள்" என்று ஊருக்குள் பேச்சு இருக்கிறது. சிலர் அதைச் சபைக்கு எழுத்திலும் தந்தார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் கணக்கை மட்டும் வாசித்துவிட்டுப் போக முடியாது.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கற் பாறையின் மேல் இருக்கிறது. வீதிக்குப் போடும் கருங்கல் சல்லி இங்கே கிடையாது. வவுனியாப் பக்கமிருந்து ஏ-9 வீதியால் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் ஏற்றி வரவேண்டும். கிறவலும் வன்னியிலிருந்தே வருகிறது. அருகில் கிடைப்பது வெள்ளைக்கல். அதைக் கிண்டக் கிண்டக் குழி நிலத்தடி நீர்மட்டத்தை எட்டுகிறது. எங்கள் கிணறுகளுக்குத் தண்ணீர் தரும் பாறையும் அதுதான். மறுபக்கம், பழைய அன்னதான மண்டபத்தை இடித்த கொங்கிறீற்றும், போரில் சிதைந்து கிடந்த வீடுகளின் இடிபாடும் ஆலயச் சூழலிலேயே பற்றைக்குள் குவிந்திருந்தன. தரம் பிரித்து உடைத்த பின் அளந்தபோது 141 கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). அதில் 98 கியூப் வீதிக்குள் போயிற்று. மூன்று கியூப் டிப்பரில் கருங்கல்லாக ஏற்றியிருந்தால் அது 33 லோட்.

காப்பெற், அதாவது இயந்திரத்தால் விரிக்கும் தார்க்கலவை, போட்டிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு இரண்டு விடயம். வெளிவீதியில் அடியார்கள் வெறுங்காலுடன் நடக்கிறார்கள், அங்கப் பிரதட்சணம் செய்கிறார்கள். ஆவணி வெயிலில் கறுத்த தார் மேற்பரப்பில் அது கொடுமை. தேரின் இரும்புப் பட்டம் போட்ட சில்லு இளகிய தாரில் புதையவும் செய்யும். ஆகவே சில்லு ஓடும் இரண்டு தடங்களை மட்டும், ஒவ்வொன்றும் 1.2 மீற்றர் அகலத்துக்கு, 150 மில்லிமீற்றர் தடிப்பில் உடைத்த கொங்கிறீற்றால் இறுக்கி, மேலே மணல் பரப்பியிருக்கிறோம். ஒழுங்கையைப் பொறுத்தவரை, இரு பக்கமும் மதில். காப்பெற் விரிக்கும் இயந்திரம் திரும்பவே இடமில்லை.

அதைவிட முக்கியமானது மட்டம். பழைய தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு ஒழுங்கை உயர்ந்து, மாரியில் வெள்ளம் வளவுகளுக்குள் இறங்குவதை அங்கத்தவர்கள் எத்தனையோ கூட்டங்களில் முறையிட்டார்கள். இம்முறை பழைய தாரும் சல்லியுமாக இருந்த 75 மில்லிமீற்றரைக் கிளறி எடுத்தோம். அதற்குக் கீழே இன்னும் 75 மில்லிமீற்றர் செம்மண்ணை வெட்டி அகற்றினோம். கிளறியதையும் உடைத்த இடிபாட்டையும் சரிபாதியாகக் கலந்து அதே 150 மில்லிமீற்றருக்குள் இறுக்கினோம். இந்த அடுக்கால் ஒழுங்கையின் மட்டம் உயரவில்லை. வெட்டிய செம்மண் 39 கியூப்பும் நந்தவனத்துக்கும் தேர்முட்டிக்குப் பின்னாலிருந்த பள்ளத்துக்கும் போயிற்று.

தரம் பிரித்தல்தான் இந்த வேலையின் உயிர். கொங்கிறீற், பழைய வெள்ளைக்கற் சுவர், செங்கல், ஓடு, சாந்து எல்லாம் ஒரே குவியலாக வரும். கொங்கிறீற்றும் கெட்டியான கல்லும் வீதிக்கு. செங்கல், ஓடு, சுண்ணாம்புச் சாந்து ஆகியவை தண்ணீரில் ஊறி றோலருக்குக் கீழே மாவாகும். அந்த 31 கியூப்பும் பள்ளம் நிரப்பவே பயன்பட்டது. சீலிங் பலகையில் ஜிப்சம் இருந்தால் அது சீமெந்துடன் சேர்ந்து வீங்கி வீதியைத் தூக்கிவிடும். ஒரு துண்டும் உள்ளே விடவில்லை. அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளை உடைக்கவே கூடாது. உடைந்தால் பறக்கும் நார் சுவாசப்பைக்குள் போய்த் தங்கும். நனைத்து, முழுதாகக் கழற்றி, தடித்த பொலித்தீனில் சுற்றித் தனியே ஒதுக்கி, பிரதேச சபையின் அறிவுறுத்தலின்படி ஒப்படைத்தோம். கம்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்ற பணம் கணக்கில் வரவாக இருக்கிறது.

கிணற்றுக்கு அருகில் உடைத்த கொங்கிறீற் போடலாமா என்று கேட்டவர்களின் கவலை நியாயமானது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைக் கண்ட ஊர் நாங்கள். புதிதாக உடைத்த கொங்கிறீற்றில் ஊறி வரும் நீருக்குத் தொடக்கத்தில் காரத்தன்மை கூட. அதனால் குவியலையும் நிரப்பிய பள்ளத்தையும் கிணறுகளிலிருந்து தள்ளியே வைத்தோம். வெள்ளவாய்க்கால் ஓரத்திலும் மதகுக் குழாயைச் சுற்றியும் கருங்கல் சல்லியே போட்டோம். இடிபாட்டுத் தூளிலிருந்து வடியும் சுண்ணாம்பு படிந்து வடிகாலை அடைத்துவிடும் என்பதும் அதற்குக் காரணம்.

இனி, ஒப்பந்தகாரருடன் ஏற்பட்ட பிணக்கு. இதைப்பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள், முழுமையாகவே சொல்கிறோம்.

ஒழுங்கைக் கலவைக்கு 3 வீதம் சீமெந்து என்று ஆய்வுகூடச் சோதனைக்குப் பிறகே தீர்மானித்தோம். 6 வீதம் போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று சிலர் கேட்டார்கள். உறுதி கூடும், ஆனால் காயும்போது சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பு மேற்பரப்புக்கும் ஏறி, தண்ணீர் உள்ளே இறங்கும். 3 வீதம் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 8.8 கிலோ. 50 கிலோப் பை ஒன்று 5.7 சதுர மீற்றருக்குக் காணும். 3.5 மீற்றர் அகல ஒழுங்கையில் 5 அடி 4 அங்குலத்துக்கு ஒரு பை. அந்த அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பையை முதலில் கோட்டில் அடுக்கி, எண்ணிய பிறகே வெட்டிப் பரப்பச் சொன்னோம். மொத்தம் 258 பை. இதை நம்பிக்கையீனம் என்று ஒப்பந்தகாரர் குறைப்பட்டுக்கொண்டார். அடியார்கள் தந்த சீமெந்தை எண்ணாமல் பரப்ப விட எங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்தது தண்ணீர். கருங்கல் சல்லி தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு, ஒரு வீதமும் வராது. உடைத்த கொங்கிறீற்றில் பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். ஆகவே குவியலை முதல்நாளே நனைத்து ஊறவிட வேண்டும். சீமெந்து கலக்கும்போது மேலால் தெளித்தால், கல் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட, சீமெந்துக்கு ஒன்றும் மிஞ்சாது. கையில் பிடித்தால் புட்டுக்குக் குழைத்த மாப்போலப் பிடிபட வேண்டும், உள்ளங்கை ஈரமாகக் கூடாது. உவர்க் கிணற்றுத் தண்ணீரை வேண்டாம் என்றோம். உப்பு மேலே வந்து பூத்துத் தார்ப்பூச்சைக் கொப்புளிக்க வைக்கும். அதனால் நல்ல தண்ணீர் பவுசரில் (தாங்கி வண்டியில்) வந்தது; ஒப்பந்தப்படி தண்ணீர் எங்கள் பொறுப்பு.

முதல் 350 மீற்றரும் இந்த ஒழுங்கில் நடந்து, இறுக்கத்தை இடத்திலேயே அளக்கும் மணல் மாற்றுச் சோதனையில் 98 வீதத்துக்குக் குறையாத இறுக்கம் காட்டியது. கடைசி 70 மீற்றரில் குவியலை முதல்நாள் நனைக்கவில்லை. சீமெந்து முற்பகல் பரப்பியாயிற்று. றோலர் பிற்பகலில்தான் வந்தது. சீமெந்தும் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் இறுக்கி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு உருட்டினால் பிடிக்கத் தொடங்கிய கட்டு உடைகிறது, அவ்வளவுதான். சோதனையில் 91 வீதம் வந்தது. மேற்பரப்பு பார்வைக்கு நன்றாகவே இருந்தது, விரலால் சுரண்டினால் கீழே தூளாக உதிர்ந்தது.

இடிபாடு தரமில்லை, கருங்கல் தந்திருந்தால் இப்படி வந்திருக்காது என்பது ஒப்பந்தகாரரின் வாதம். அதே குவியல், அதே கலவை முதல் 350 மீற்றரிலும் இருக்கிறதே என்பது எங்கள் பதில். வேறெங்கும் தன்னிடம் இறுக்கச் சோதனை கேட்டதில்லை என்றும் சொன்னார். ஒப்பந்தத்தில் கேட்டிருக்கிறோம், அவர் கையொப்பமும் இட்டிருக்கிறார்.

பிடித்த சீமெந்துக் கலவையை அப்படியே மீண்டும் உருட்ட முடியாது. பெக்கோவால் (மண் தோண்டும் இயந்திரத்தால்) கிளறி, கட்டியை உடைத்து, 2 வீதம் புதுச் சீமெந்து சேர்த்தே இறுக்க வேண்டும். 29 பை. சபையின் கையிருப்பிலிருந்து கொடுத்து, அதன் பெறுமதியை ஒப்பந்தகாரரின் பட்டியலில் முழுமையாகக் கழித்தோம். றோலரும் கூலியும் அவர் செலவு. பவுசர் தண்ணீர் எங்கள் செலவு. மறுபடி சோதித்தபோது 98 வீதத்துக்கு மேல் வந்தது. மதிப்பீட்டுக்கு மேலான சீமெந்து என்று கணக்கில் நீங்கள் காண்பது இந்த 29 பைதான். அதே பக்கத்தில் ஒப்பந்தகாரரிடம் கழித்த தொகையும் இருக்கிறது.

இதற்குப் பிறகு வந்த இறுதிப் பட்டியலில் ஒழுங்கைக் கலவை 105 கியூப் என்று இருந்தது. 420 மீற்றர் நீளம், 3.5 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பு: 220.5 கனமீற்றர். ஒரு கியூப் 2.83 கனமீற்றர், ஆக 78 கியூப். ஒப்பந்தகாரர் டிப்பரில் உதிரியாக ஏற்றியதை எழுதியிருந்தார். உதிரிக்கல் இறுகும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். 105 உதிரி கியூப் இறுகினால் 78 ஆவது சரியே. அவர் ஏற்றியது பொய்யென்று சபை ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தம் "இறுக்கிய பின் இடத்தில் அளந்து" என்றே எழுதப்பட்டது, அந்த விலையும் அதற்கேற்பவே கூட்டித் தரப்பட்டது. ஊரிலுள்ள ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை இரு பக்கமும் ஏற்று நடுவராக வைத்தோம். ஒழுங்கையில் ஆறு இடங்களில் தோண்டி அளந்தார். தடிப்பு 148 முதல் 161 மில்லிமீற்றர். 78 கியூப்புக்கே பணம் கொடுக்கப்பட்டது.

பிணக்கு நடந்த காலத்தில் வேலை நின்று தூசி பறந்ததும், முதியவர்கள் சிரமப்பட்டதும் உண்மை. அந்த ஒப்பந்தகாரரை நிறுத்திவிட்டு வேறொருவரைப் பிடித்திருக்கலாம் என்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதியில் விட்ட சீமெந்துக் கலவைக்கு அடுத்தவர் பொறுப்பேற்க மாட்டார். ஐப்பசி மழைக்கு முன் மேற்பூச்சு முடியாவிட்டால் மொத்த ஒழுங்கையும் ஊறிப் போயிருக்கும்.

மறுபடி இறுக்கிய பின் ஏழு நாள் ஈரம் காத்து, இமல்சன் (தண்ணீரில் கலந்த தார்) பூசி, 19 மில்லிமீற்றர் சல்லியும் அதன்மேல் 10 மில்லிமீற்றர் சல்லியுமாக இரட்டை மேற்பூச்சு முடிந்தது. மேற்பூச்சுக்கு மட்டும் கருங்கல். சில்லு உரசும் இடத்தில் பழைய சாந்து ஒட்டிய கல் நில்லாது. வெள்ளவாய்க்கால், மதகு, ஓரக்கல், மின்விளக்குத் தூண் இடமாற்றம் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. கோபுரத்துக்கும் கிணறுகளுக்கும் அருகில் றோலரை அதிர்வு நிறுத்தியே ஓட்டினோம்.

உபயகாரர் பெயர்கள் முழுவதும் ஆலய அறிவித்தல் பலகையில் உண்டு. பூர்வீக வீட்டின் இடிபாடு முழுவதையும் தந்து ஏற்றுகூலியும் கொடுத்த ரொறன்ரோக் குடும்பத்தினர். மேற்கு வளவைக் குவியல் போட விட்ட ஆசிரியர் குடும்பம். சீமெந்து 100 பை தந்த லண்டன் அடியார்கள். 60 பை தந்த சந்தை வியாபாரிகள். 50 பை தந்த ஏழாம் திருவிழா உபயகாரர். மீதிச் சீமெந்தைப் பங்கிட்டுக்கொண்ட கிழக்கு ஒழுங்கை வீட்டார். உழவு இயந்திரத்தை இலவசமாக விட்ட தோட்டக்காரர். கல் பிரிப்பவர்களுக்குத் தேநீரும் மதிய உணவும் தந்த மாதர் சங்கத்தினர். வெயிலில் நின்று ஓடு வேறு, கல் வேறாகப் பிரித்த இளைஞர்கள், பெண்கள். இவர்களின் கைபட்டதாலேயே குவியலுக்குள் ஒரு சீலிங் துண்டும் கலக்கவில்லை. சபை இவர்களுக்கு மனதாரக் கடமைப்பட்டிருக்கிறது.

உடைத்த கல்லில் 12 கியூப் தேர்முட்டிக்கு அருகில் மூடி வைக்கப்பட்டுள்ளது. குழி விழுந்தால் அதையே நனைத்து, சீமெந்து கலந்து, இடித்து இறுக்கி, மேலே இமல்சன் பூசவும். மண் போட்டு நிரப்பவேண்டாம். வீடு கட்டுபவர்கள் மூன்று கியூப் டிப்பரை ஒழுங்கைக்குள் விடாமல், சந்தியில் இறக்கி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒப்பந்தப் பெறுமதியில் 5 வீதம் மாரி கழியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தை மாதப் பொதுச்சபைக்கு முன் அங்கத்தவர்கள் ஒழுங்கையை நடந்து பார்த்து, வெடிப்போ தாழ்வோ கண்டால் இடத்தைக் குறித்துச் செயலாளரிடம் எழுத்தில் தரவும். அவற்றை ஒப்பந்தகாரர் திருத்தித் தந்த பிறகே அந்தப் பணத்தை விடுவிக்கும் தீர்மானம் சபையின் முன் வைக்கப்படும்.

திருப்பணிச் சபையினர்