வாயிற்காவலன் வேடம் இன்னும் காலி

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வரிசை எண் 27 என்றால் உனக்குத் தெரியும். சனிக்கிழமை ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது தமிழம்மாவுக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த பழைய மாணவி நான்தான்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சி. வந்தவர்கள் 43 பேர். கண்ணகி என்றாலே கத்த வேண்டும் என்று பாதிப் பெண்கள் முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து கொலுசையே எடுத்துவந்து, ‘தேரா மன்னா’ என்று மேசையில் அடித்ததில் அம்மாவின் டீ கொட்டியது. (அவளைத்தான் எடுத்தோம்.) பையன்கள் எல்லாருக்கும் பாண்டியன் வேண்டும். நீயும் அதற்குத்தான் வந்தாய்.

‘யானோ அரசன்’ வரை கம்பீரமாக வந்த குரல், ‘யானே கள்வன்’ என்ற இடத்தில் கீச்சென்று உடைந்தது. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். போதாததற்குக் குரல் என்ற கட்டத்தில் பத்துக்கு இரண்டு போட்டேன். நீ தாளை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாய்.

வளரும் வயதில் பையன்களின் குரல் இப்படி உடைவதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். 1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் எல்லாமே சிறுவர்கள்தான். பாட்டை நம்பி நடந்த நாடகங்கள் அவை. மகரக்கட்டு வந்தால் பையனின் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். நாம் போடுவதில் ஒரு பாட்டுகூட இல்லை. அப்புறம் எதற்கு அந்த இரண்டு மதிப்பெண்? பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

இரவு வழக்குரை காதையை மறுபடி படித்தேன். வாயிற்காவலன் பாண்டியனிடம் ஓடிவருகிறான். வாசலில் நிற்பவள் யாரென்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொற்றவை இல்லை, காளி இல்லை என்று யாரெல்லாம் இல்லை என்பதையே அடுக்குகிறான். ‘செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்’ என்கிறான், கடுங்கோபத்தில் இருக்கிறாள் போலும் என்று. அந்தப் ‘போலும்’ முழுக்கப் பயம். சனிக்கிழமை இதை வாசித்த நாலு பேரும் திருக்குறள் ஒப்பித்தல் போட்டிக்கு வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் உன் குரல் உடைந்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

குரல் உடைகிறது என்பதற்காக மட்டும் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. ‘யானோ அரசன்’ என்று தொடங்கும் முன், செங்கோல் பிடித்த பாவனையில் இருந்த உன் வலது கை மெல்லக் கீழே இறங்கியது. யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் நோட்டில் எழுதவே இல்லை. மன்னித்துக்கொள்.

தமிழம்மாவிடம் சொன்னேன். “கூப்பிட்டுப் பாரேன்” என்றார். ஒத்திகை வியாழன் நாலு மணிக்கு, அதே அறையில். வராவிட்டால் கோபமில்லை. ஆனால் பாண்டியன் வேடத்தைக் கேட்காதே, அதை எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கொடுத்தாகிவிட்டது. நீ ஓடிவந்து சேதி சொல்ல வேண்டியது அவனிடம்தான்.

அன்புடன்,
நோட்டுக்கார அக்கா