ரகசியச் சிறைகள்: எந்தப் பதிவேட்டைப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவு அமைப்புகள் ஆட்களை ரகசியமாக அடைத்துவைப்பதாக எழும் புகார்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சென்ற இதழில் நடந்த விவாதத்தைப் படித்தேன். பாதிக்கப்பட்டவர் எதற்காகப் பொய் சொல்லப்போகிறார் என்கிறது ஒரு தரப்பு. பயங்கரவாதச் சந்தேகத்துக்கு ஆளானவரின் பேச்சை எப்படி நம்புவது என்கிறது மறு தரப்பு. இரண்டு தரப்புமே ஆளின் யோக்கியதையைத்தான் எடைபோடுகின்றன. அடைத்துவைத்த அமைப்பின் கைக்கு எட்டாத பதிவேடு ஏதேனும் அவர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ஐரோப்பாவில் நடத்திய சிறைகள் வெளிவந்தது அப்படித்தான்.

ஜெர்மானியக் குடிமகனான காலித் அல் மஸ்ரியின் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2003 டிசம்பர் 31 அன்று மாசிடோனிய எல்லையில் அவரைப் பிடித்தார்கள். ஸ்கோப்யே நகரில் ஒரு ஹோட்டல் அறையில் 23 நாள் காவலில் வைத்தார்கள். ஜனவரி 23 அன்று கண்ணைக் கட்டி விமான நிலையத்தில் சிஐஏவிடம் ஒப்படைத்தார்கள். காபூலில் நான்கு மாதம் அடைபட்டிருந்து, மே 28 அன்று அல்பேனியாவில் கொண்டுவிடப்பட்டார். அவர் ஹோட்டலில் சுதந்திரமாகத் தங்கிவிட்டு கொசோவோ வழியாகப் போய்விட்டார் என்றது மாசிடோனிய அரசு.

ஜெர்மன் அரசு வழக்கறிஞர்கள் அவருடைய தலைமுடியை ஐசோடோப் சோதனைக்கு (ஒருவர் இருந்த இடத்தையும் உண்ட உணவையும் முடியிலிருந்து கணிக்கும் சோதனைக்கு) அனுப்பினார்கள். தெற்காசியப் பகுதியில் இருந்ததற்கும் நீண்ட நாள் உணவின்றி இருந்ததற்கும் முடிவு பொருந்தியது. சிறையில் லேசான நில அதிர்வுகளை உணர்ந்ததாக அவர் சொன்னதை நிலநடுக்கப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அவையும் ஒத்துவந்தன. சிறையின் அமைப்பை அவர் வரைந்து காட்டிய படத்தை, அங்கே அடைபட்டிருந்த இன்னொருவர் அடையாளம் கண்டார். என்313பி என்ற பதிவெண் கொண்ட போயிங் 737, ஜனவரி 23 அன்று ஸ்பெயினின் பால்மாவிலிருந்து ஸ்கோப்யே வந்து, அங்கிருந்து பாக்தாத் வழியாகக் காபூல் போனதை விமானப் பதிவுகள் காட்டின.

இவற்றில் எதுவும் தனியாக நிற்காது. அடைத்துவைத்தது யார் என்று முடி சொல்லாது. உள்ளே யார் இருந்தார் என்று விமானப் பதிவு சொல்லாது. ஆனால் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத நான்கு இடங்களிலிருந்து வந்த தகவல்கள் ஒரே தேதிகளில் வந்து சேரும்போது, பொய்க்கு இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. அந்தச் சமயத்தில் மாசிடோனிய உள்துறை அமைச்சராக இருந்த ஹரி கோஸ்டோவ் 2010இல் எழுத்து வாக்குமூலம் தந்து, ஒப்படைத்ததை உறுதிசெய்தார். 2012 டிசம்பர் 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு மாசிடோனியாவுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்து, 60,000 யூரோ இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

விமானப் பதிவுகளை எடுத்தாள்பவர்கள் இடறும் இடங்களையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த இடறல்களைப் பிடித்துக்கொண்டுதான் ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று முடிக்கிறார்கள். பதிவெண் மாறும்: என்379பி என்ற கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானம் பிறகு என்8068வி ஆனது, அதன் பிறகு என்44982 ஆனது. பழைய எண்ணை மட்டும் தேடினால் பாதிப் பயணங்கள் தப்பிவிடும். நேரங்கள் உலகப் பொது நேரத்தில் பதிவாகும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால், நள்ளிரவை ஒட்டிய பயணத்தில் தேதியே ஒரு நாள் பிசகும். பெரிய பிழை எண்ணிக்கையில்தான். 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஏற்ற அறிக்கை, சிஐஏ இயக்கிய 1,245 பயணங்களையாவது குறிப்பிட்டது. அதை 1,245 கைதிக் கடத்தல்கள் என்று எழுதியவர்கள் உண்டு. ஆள், சரக்கு, வெற்றுத் திரும்பல் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

அதனால் பயணப் பதிவோடு நிற்காமல் இன்னொரு பதிவைத் தேட வேண்டும். போலந்தின் ஷிமானி விமான நிலையம் காட்டுக்கு நடுவே இருக்கும் சிறிய ஓடுதளம். சிஐஏவின் ரகசியச் சிறை இருந்த ஸ்டாரே கெய்குட்டி உளவுப் பயிற்சித் தளம் அதற்கு அருகில். அங்கே இறங்கிய விமானங்கள் சிலவற்றுக்கு வார்சா போவதாகவே பயணத் திட்டம் பதிந்திருந்தார்கள். திட்டத்தை மட்டும் பார்த்தால் ஷிமானி கண்ணில் படாது. ஆனால் எல்லைக் காவல் படை தலைகளை எண்ணிவைத்திருந்தது; அந்தக் கணக்கு 2010இல் வெளிவந்தது. 2002 டிசம்பர் 5 அன்று இறங்கிய விமானத்தில் 8 பயணிகள், 4 பணியாளர்கள். கிளம்பியபோது 4 பணியாளர்கள் மட்டும். 2003 செப்டம்பர் 22 அன்று என்313பி பயணி எவருமின்றி வந்து 5 பயணிகளோடு கிளம்பியது. புக்கரெஸ்ட், ரபாத் வழியாக, அமெரிக்கத் தடுப்பு முகாம் இருக்கும் குவாண்டனாமோவுக்கு. எட்டுப் பேரை இறக்கிவிட்டு வெறுமனே போகும் விமானம், ஆளில்லாமல் வந்து ஐந்து பேரை ஏற்றிப்போகும் விமானம் என்று இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் என்ன நடந்திருக்கும் என்பது விளங்கும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 2014 ஜூலை 24 தீர்ப்புகள் போலந்தைப் பொறுப்பாக்கின. நீதிமன்றம் கேட்ட ஆவணங்களைத் தராததையும் மீறலாகக் குறித்தன. உண்மைகள் முழுக்க அரசின் கையில் மட்டும் இருக்கும் வழக்கில் விளக்கும் பொறுப்பு அரசுக்கே மாறும் என்பது அந்த நீதிமன்றத்தின் நிலைத்த கொள்கை. விவாதத்தில் எவருமே தொடாமல் விட்ட விஷயம் இது.

தவறான இடத்தைச் சொன்ன புகார் முழுவதும் தவறு என்றும் ஆகாது. ருமேனியாவில் முதலில் சந்தேகம் விழுந்தது மிகைல் கோகல்னிசானு விமானத் தளத்தின் மீது. 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், ஜெர்மன் ஒளிபரப்பு நிறுவனமான ஏஆர்டி ஆகியவற்றின் செய்தியாளர்கள் சுட்டியதோ புக்கரெஸ்டில் ஓர் அரசு அலுவலகத்தின் நிலவறையை. லித்துவேனியாவின் நாடாளுமன்றக் குழு, கட்டடங்கள் ஏற்பாடாகியிருந்தன, ஆனால் கைதிகள் இருந்ததற்குச் சான்றில்லை என்றது. 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்க செனட் அறிக்கை நாட்டின் பெயரை மறைத்து, ‘வயலட்’ என்ற சங்கேதப் பெயரில் ஒரு சிறை 2006இல் மூடப்பட்டதைச் சொன்னது. கைதி ஒருவருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தர உள்ளூர் அரசு மறுத்ததே காரணம். அந்தக் காலவரிசையை விமானப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்துத்தான் 2018 மே 31 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் லித்துவேனியாவையும், அதே நாளில் ருமேனியாவையும் பொறுப்பாக்கியது. அதே செனட் அறிக்கையின்படி சிஐஏ காவலில் இருந்தவர்கள் குறைந்தது 119 பேர். அவர்களில் குறைந்தது 26 பேர் பிடிக்கப்பட்டிருக்கவே கூடாதவர்கள்.

மறுப்பறிக்கைகளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது? அமெரிக்க அதிபராக இருந்த புஷ் 2006 செப்டம்பர் 6 அன்று ரகசியக் காவலை ஒப்புக்கொண்டார். போலந்து ஆண்டுக்கணக்கில் மறுத்த விஷயத்தை, செனட் அறிக்கை வந்த மறுநாளே முன்னாள் அதிபர் குவாஷ்னியெவ்ஸ்கி ஒப்புக்கொண்டார். இந்தியப் பெருங்கடலில் அமெரிக்கப் படைத்தளம் உள்ள டியேகோ கார்சியா தீவு வழியாகக் கைதி விமானம் எதுவும் போகவில்லை என்று சொல்லிவந்த பிரிட்டன், 2002இல் இரண்டு விமானங்கள் அங்கே எரிபொருள் நிரப்பியதை 2008 பிப்ரவரியில் ஏற்றது. அந்த ஒப்புதலை மட்டும் வைத்து அத்தீவில் சிறை இருந்தது என்று எழுதுவதும் சரியல்ல. நிரூபணமானது எரிபொருள் நிரப்பியது வரைக்கும்தான்.

நமக்கு அருகிலும் இது நடந்திருக்கிறது. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் ரகசியத் தடுப்பறைகள் இருப்பதாகக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. 2015 நவம்பரில் காணாமலாக்கப்பட்டோர் குறித்த ஐ.நா. பணிக்குழு உள்ளே போய் அவற்றைப் பார்த்தது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க விமானப் பதிவு கிடையாது. குடும்பங்கள் சேர்த்துவைக்கும் காகிதமே பதிவேடு. பிடித்துப்போன நேரம், இடம், வாகன எண், உடுத்தியிருந்த உடை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி, பார்த்தவர்களிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து எழுதினால், ஒருவர் நினைவு மற்றவருடையதில் கலந்துவிடும். பின்னால் குறுக்குவிசாரணையில் எல்லாமே சேர்ந்து விழும். காவல் நிலையம் புகாரை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆட்கொணர்வு மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. ‘எங்கள் காவலில் இல்லை’ என்று அரசு அதில் தரும் பதில் சத்தியக் கூற்றாகப் பதிவாகிறது. பத்து வருடம் கழித்து வேறொரு ஆவணம் வெளிவரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தத் தேதியிட்ட மறுப்பு தேவைப்படும்.

வலிந்து காணாமலாக்குவதற்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்து 2018இல் சட்டமும் கொண்டுவந்தது. இந்தியா 2007இல் கையெழுத்திட்டதோடு நிற்கிறது. அடுத்த இதழில் இந்த விவாதத்தைத் தொடர்வதாக இருந்தால், ஏன் நிற்கிறது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்டு அவர்கள் பதிலை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி