திருகோணமலை சட்டத்தரணிகளுக்கும் நொத்தாரிசுமாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் காணிக்குக் கிராக்கி கூடியதிலிருந்து ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. மறதி நோயால் அறளை பெயர்ந்த ஒரு அம்மாவை மத்தியானத்துக்குப் பிறகு ஆட்டோவில் ஏற்றி உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கனடாவிலிருந்து மகன் வீடியோ அழைப்பில் நிற்கிறார். “அம்மா, இதிலே ஒரு கையெழுத்து வையுங்கோ.” அவ “ஆர் வீட்டுக்கு வந்திருக்கிறம்?” என்று கேட்கிறா. பேனை பிடிபடவில்லை என்றதும் பெருவிரலில் மை பூசுகிறார்கள். காணி உறுதியின் கடைசியில் “வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது” என்று நீங்கள் எழுதுகிறீர்கள். வாசித்தது உண்மைதான். விளங்கியதா?

“முன்னமே அற்றோணி எழுதி வைச்சிருக்கிறம், பயமில்லை” என்பவர்களும் உண்டு. அற்றோணி என்றால் தன் காரியங்களைச் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவில்லாமல் போனால் சாதாரண அற்றோணியின் அதிகாரமும் போய்விடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தேவைப்படும் நேரம் பார்த்துக் காலை வாரும் பத்திரம் அது. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தில் இந்த ஓட்டை இல்லை: தெளிவாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒருவரை நியமித்துப் பதிவுசெய்தால், பிறகும் அது செல்லும். நம்மிடம் இருப்பதோ 1873இல் வந்த மனநோய்க் கட்டளைச் சட்டமும், மாவட்ட நீதிமன்றம் விசாரித்து ஆதனத்துக்கு முகாமையாளரை நியமிக்கும் குடியியல் நடவடிக்கைமுறையும்தான். வழக்கு என்றாலே சனம் பயப்படுகிறது. பெருவிரல் சுலபம்.

அந்த ஆங்கிலச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஆளை மொத்தமாக “புத்தியில்லை” என்று தள்ளாமல், இந்த முடிவை இந்த நேரத்தில் எடுக்க முடியுமா என்று அது கேட்கிறது. காணி உறுதி விளங்காத அம்மாவுக்கு, கன்னியாவில் இருக்கும் மகளோடுதான் இருக்கவேண்டும் என்பது நன்றாகத் தெரியலாம். அப்படியான விருப்பத்தை மதிக்கச் சொல்லும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றதும் சும்மா இல்லையே.

சட்டம் மாறும்வரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். பிள்ளைகளை வெளியே இருத்திவிட்டு அம்மாவோடு தனியே கதையுங்கள். காலையில் வரச் சொல்லுங்கள். மறதி நோய்க்காரர் பலருக்குப் பின்னேரம்தான் குழப்பம் கூடும். “சரியா அம்மா?” என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவா, “இந்தக் காணி இனி ஆருக்கு?” என்று கேட்டு அவ வாயாலேயே சொல்ல வையுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் உறுதியை முடிக்காதீர்கள், நீதிமன்ற வழியைக் காட்டுங்கள். அந்த மனுவுக்கு என்ன செலவு, எவ்வளவு காலம் என்று அலுவலகச் சுவரில் தமிழில் ஒரு தாள் ஒட்டினால், அந்தப் பயம் பாதி குறையும்.

இப்படிக்கு,
வயதான தாயைப் பராமரிக்கும் ஒருவர்
திருகோணமலை